108 கிலோவும் ஒரு பின்சில்லும்

சத்தம்தான் முதலில் வந்தது. வீணைக் கம்பி அறுந்தமாதிரி ‘டிங்’ என்று ஒன்று. பத்து மீற்றர் போயிருக்க மாட்டேன், இன்னொன்று. மூன்றாவது சில்லுக்கம்பி எப்போது அறுந்தது என்று தெரியாது. அதற்குள் சைக்கிளின் பின்சில்லு பொரித்த அப்பளம்போல நெளிந்து சட்டத்தில் இறுகிவிட, நான் தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தேன்.

ஒஹிய ஸ்டேசனடியிலிருந்து உடவேரியத் தோட்டத்துக்குள்ளால் களுபஹனவுக்கு இறங்குகிற பாதை அது. ஜீப்காரர்கள் ‘டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே பம்பரகந்த நீர்வீழ்ச்சி, 263 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்குவதுதான் திட்டம். கடைசியில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தேன். வழியில் வந்த தோட்டத்துப் பெடியன் ஒருவன், “என்னங்க, சக்கரம் கோணிப்போச்சுங்களா?” என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டான். எங்கள் பக்கத்தில் சில்லு, அவர்கள் பக்கத்தில் சக்கரம். எந்தப் பெயரில் சொன்னாலும் அது உருளுகிற நிலையில் இல்லை. என் கூட்டாளி, வானோடு களுபஹனச் சந்தியில் இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவான்.

என் நிறை 108 கிலோ. உயரமும் இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் சில்லுக்கு உயரம் தெரியாது. ஹெல்மெட், முழங்கால் கவசம், தண்ணீர்ப் பை, உபகரணங்கள் எல்லாம் சேர்த்தால் 115. சைக்கிள் இன்னும் 16. ஆக, அந்தக் கல்லுப் பாதையில் இரண்டு சில்லுகளும் சுமந்துகொண்டு போனது 131 கிலோ. இந்தக் கூட்டலை நான் போட்டது விழுந்ததற்குப் பிறகு. வாங்குவதற்கு முதல் போட்டிருக்க வேண்டும். சில்லு செய்கிற கம்பனிகள் நிறை எல்லை என்று 110, 120, 130 எனப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது ஆளின் நிறை மட்டும் இல்லை, சைக்கிளும் ஆளும் சாமானும் சேர்ந்த மொத்த நிறை. ‘120 கிலோவா, நான் 108 தானே’ என்று நினைத்துச் சந்தோசப்பட்ட ஆட்களில் நானும் ஒருவன்.

இந்தப் பைத்தியம் தொடங்கியது 2022இல். அந்த வருடம் கொழும்பில் பெற்றோல் வரிசையில் நிற்காதவர் யார்? பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வருவதற்கு முந்திய மாதங்களில், வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் ஒரு பழைய மவுண்டன் சைக்கிள் வாங்கினேன். டொலர் 200இலிருந்து 360க்குப் போன காலம், சைக்கிள் விலையும் கூடவே ஏறியது. அந்தச் சைக்கிளில் பின் ஹப் (சில்லின் நடுக்குடம்), மரை போட்டு பிறீவீலை, அதாவது பின் பற்சக்கரக் கட்டை, சுற்றிப் பூட்டுகிற பழைய வகை. காலி வீதியில் மூன்று மாதம் ஓடியதும் அச்சு வளைந்தது. மாற்றினேன், திரும்பவும் வளைந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது: அந்த வகை ஹப்பில் வலப்பக்க பெயாரிங் பிறீவீலுக்கு உள்ளே, சில்லின் நடுப்பக்கமாக இருக்கும். அங்கிருந்து சட்டம் வரைக்கும் அச்சு தாங்குவாரில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். பற்சக்கரங்களை ஹப்பில் செருகிப் பூட்டுகிற கசற் வகையில் பெயாரிங் வெளியே, சட்டத்துக்குக் கிட்ட வந்துவிடும். 12 மி.மீ. தடித்த அச்சு ஊடுருவிப் போகிற சட்டமென்றால் அந்தக் கவலையே இல்லை. பாரமான ஆள் மலை இறங்க யோசித்தால் ரிம், கம்பி எல்லாவற்றுக்கும் முதல் பார்க்கவேண்டியது இதைத்தான். மரை பிறீவீல் என்றால் அந்தச் சைக்கிளில் சந்தைக்குப் போகலாம், மலைக்கு வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து, இரண்டு பக்கமும் சஸ்பென்சன் உள்ள, 27.5 அங்குலச் சில்லுப் பூட்டிய சைக்கிள் ஒன்றை இரண்டாங்கையாக வாங்கினேன். ஒஹியவில் உடைந்தது அதனுடைய பின்சில்லு.

உடைந்த பிறகு நான் செய்தது எல்லாரும் செய்கிற வேலை. ‘எனக்கு மொத்தமானது, நல்ல தடிச்சது வேணும்’ என்று கடையில் போய்ச் சொன்னேன். கடைக்காரரும் மொத்தமான ரிம், மொத்தமான கம்பி, இயந்திரத்தில் கட்டி வந்த சில்லு ஒன்றைத் தூக்கித் தந்தார். தூக்கிப் பார்க்கவே நம்பிக்கை வந்தது. கண்டி ஹந்தானை மலையில் இரண்டு தரம் இறங்கினேன். இரண்டாந் தரம் வீட்டுக்கு வந்து கழுவும்போது கம்பிகளைத் தொட்டால் பாதி, உடுப்புக் காயப்போடுகிற கயிறுபோல ஆடுகிறது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னா: “சில்லை மாத்திக்கொண்டிருக்கிறதை விட்டிட்டுச் சோத்தைக் கொஞ்சம் குறையன்.”

சோற்றைக் குறைக்கவில்லை. டாம் வீதிக்குப் போனேன்.

புறக்கோட்டை டாம் வீதியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும், கொழும்பில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். நான் போனது பெரிய கடை இல்லை. ஒரு கடையின் பக்கவாட்டில், பழைய சட்டம் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி அதில் சில்லைப் பூட்டி நெளிவு எடுக்கிற ஒரு நானா. நாற்பது வருடமாக இதே வேலை என்றார். அவருக்கு மவுண்டன் சைக்கிள் மேல் பெரிய மரியாதை கிடையாது. அரிசி மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்குச் சில்லுக் கட்டிய ஆள்.

அறுந்த கம்பிகள் மூன்றையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். மூன்றும் ஒரே இடத்தில், ஹப்புக்குள் போகிற வளைவில் அறுந்திருந்தன.

“தம்பி என்ன நிறை?”

சொன்னேன்.

“நிறைல அறுந்திச்சி எண்டுதானே நினைக்கிறீங்க? இல்ல. லூசா இருந்திச்சி, அதால அறுந்திச்சி.”

நான் நம்பவில்லை. பாரம் கூடினால் கம்பி இழுபட்டு அறும் என்பதுதானே என் கணக்கு. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் அந்த மனுசன் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று புரிந்தது. சைக்கிள் சில்லில் கம்பிகள் எல்லாம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. நாங்கள் ஏறி இருக்கும்போது நிலத்தைத் தொடுகிற பக்கத்தில் உள்ள சில கம்பிகளின் இழுவை குறையும், மேலே வந்ததும் பழையபடி ஏறும். 27.5 அங்குலச் சில்லு ஒரு தரம் உருண்டால் ஏறத்தாழ 2.2 மீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு 450 தரம். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. கட்டும்போதே இழுவை போதாமல் இருந்தால், என்னைப்போன்ற ஆள் ஏறியதும் கீழ்ப்பக்கக் கம்பி முற்றாகத் தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பி அந்த வளைவில் இப்படியும் அப்படியும் அசையும். கட்டுக்கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து முறிக்கிறோமே, அதே கதைதான். கம்பி தொய்ந்தால், அதை ரிம்மில் இறுக்கிப் பிடிக்கிற சின்ன நட்டான நிப்பிளும் தானாகக் கழன்று சுற்றும், அதனால் இன்னும் தொய்யும்.

ஆகவே என் புதிய ‘மொத்தமான’ சில்லின் குற்றம் ரிம்மிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. கட்டியதில் இருந்தது. கடைக்காரரைக் குறைசொல்லவும் முடியாது, அவர் பெட்டியில் வந்ததை எடுத்துத் தந்தார். புதுச்சில்லை அப்படியே பூட்டி மலைக்குக் கொண்டுபோன மடையன் நான்.

பிறகுதான் சாமான் தேடல். இதில் எங்கட ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு: எந்த நாட்டுக் கம்பனியின் சாமான் என்றாலும் அந்த நாட்டில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். ஹப், இங்கிலாந்தில் செய்த ஹோப் புரோ 4. கம்பியையும் சேர்த்து லண்டன் மச்சான் கொண்டுவந்தான். ரிம், டீடீ சுவிஸ் ஈஎக்ஸ் 511. சுவிசிலிருந்து சித்தப்பா குடும்பம் திருவிழாவுக்கு வந்தபோது டீவிப் பெட்டி ஒன்றுக்குள் சேலைகள் சுற்றி வந்தது. கட்டுநாயக்கவில் அதை என்னவென்று விளக்க அவர் பட்ட பாட்டை இங்கே எழுதினால் அவர் கோபிப்பார்.

ஏன் அந்த ரிம்? ரிம் தெரிவில் மூன்று விசயம்தான் பார்த்தேன். ஒன்று, உள் அகலம் 30 மி.மீ. 2.4, 2.5 அங்குல ரயர் அதில் சரியாக உட்காரும், வளைவில் சரியாது. இரண்டு, 32 துளை. 28 துளை ரிம் நிறை குறைந்த ஆட்களுக்கு. 36 துளை கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் இப்போதைய தடித்த அச்சு ஹப்புகளில் 36 துளை தேடித் திரிவது வீண் அலைச்சல். 32ஐ நன்றாகக் கட்டினால் போதும். மூன்று, அடிபட்டால் வெடிக்காமல் நசிகிற அலுமினியம். இதை யாரும் பெருமையாகச் சொல்லமாட்டார்கள். நசிந்த ரிம்மை இடுக்கியால் நிமிர்த்தி வீடுவந்து சேரலாம், வெடித்த ரிம்மோடு தோளில்தான் வரவேண்டும். கார்பன் ரிம் எடுப்போமா என்று ஆசை வந்தது உண்மை. உடைந்தால் மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருப்பார்கள். உடைந்த சில்லைக் கொழும்பிலிருந்து அனுப்பி, புதிதை வரவழைத்து, வரி கட்டி, மாதக்கணக்கில் காத்திருப்பதை நினைத்ததும் ஆசை போய்விட்டது.

பெட்டியிலோ புத்தகத்திலோ சிலர் 1 முதல் 5 வரை ஒரு தர எண் போட்டிருப்பார்கள். 5 என்றால் டவுன்ஹில், அதாவது மலை இறங்குகிற பந்தயம், பெரிய பாய்ச்சல். 4 என்றால் கரடான மலைப்பாதை. பாரமான ஆள் தான் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒருபடி மேலே எடுப்பதில் பிழை இல்லை.

ஹப் வாங்கும்போது சட்டத்தின் பின் இடைவெளியை அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். என்னுடையது 148 மி.மீ. சரியான டவுன்ஹில் சைக்கிள்களில் 150, 157 வரும். இந்த அகலத்துக்கு ஒரு பயன் உண்டு. ஹப்பின் இரண்டு ஓரங்களும் தள்ளிப்போகப் போகக் கம்பிகள் விரிந்து நிற்கும், பக்கவாட்டு அடியை நன்றாகத் தாங்கும். சின்னச் சில்லும் அதே காரணத்துக்காகத்தான் உறுதி: கம்பி கட்டை. ஒரே சாமானில் கட்டினால் 29ஐ விட 27.5 நெளிவது குறைவு. முன்னுக்கு 29, பின்னுக்கு 27.5 என்று இப்போது நிறையச் சைக்கிள் வருகிறது, பாரமான ஆளுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு பக்கமும் 29க்கு என்று செய்த சட்டத்தில் நீங்களாகப் பின்சில்லைச் சின்னதாக்காதீர்கள். பெடல் நிலத்தில் இடிக்கும், ஸ்டியரிங்கும் சோம்பல் பிடித்துப்போகும்.

இனிக் கம்பி. நானாவிடம் கொண்டுபோய் வைத்ததும் அவருக்குச் சிரிப்பு. “இது என்ன, நடுவுல மெல்லிசு?” இரண்டு நுனியும் 2.0 மி.மீ., நடு 1.8. பாரமான ஆளுக்கு மொத்தக் கம்பி வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததுபோல அவருக்கும் இருந்தது. நடு மெலிந்த கம்பி றப்பர்போல ஒரு துளி நீண்டு கொடுக்கும். கீழே வரும்போது முற்றாகத் தொய்யாது, வளைவில் விழவேண்டிய அசைவை நடுப்பகுதி வாங்கிக்கொள்ளும். இதை நான் விளங்கப்படுத்த, அவர் ஒரு கம்பியை எடுத்து வளைத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கயிறுமாதிரி,” என்றார். இன்னும் பயமிருந்தால் ஹப் பக்கத்து வளைவில் மட்டும் 2.3 மி.மீ. மொத்தம் வருகிற கம்பிகளும் இருக்கின்றன. நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

நிப்பிளில் மட்டும் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். மச்சான் நிறை குறையட்டும் என்று அலுமினிய நிப்பிள் கொண்டுவந்திருந்தான், வர்ணம் வர்ணமாக, வடிவாக. நானா அதைத் தள்ளி வைத்துவிட்டார். “எங்க இருக்கிறீங்க? வெள்ளவத்த. கடல் காத்து. ரெண்டு வருசத்துல மாவா போகும்.” என் வீடு மரைன் டிரைவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. ஏசிப் பெட்டி, ஜன்னல் கம்பி, கேற் எல்லாம் உப்புக் காற்றில் அரிபடுவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். எஃகுக் கம்பியும் அலுமினிய நிப்பிளும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம்தான் தின்னப்படும். பித்தளை நிப்பிள் போட்டோம். 32 நிப்பிளுக்கு நிறை வித்தியாசம் ஒரு கைப்பிடி கச்சான்.

கம்பி நீளத்தை ரிம்மில் ஒட்டியிருக்கும் அளவை வைத்து மட்டும் கணக்கிடவில்லை. இரண்டு பழைய கம்பிகளை எதிரெதிர்த் துளையில் நிப்பிளோடு போட்டு இழுத்துப் பிடித்து அளந்து பார்த்தோம். இரண்டு மி.மீ. பிழைத்தாலே மரை போதாது, அல்லது கம்பி நுனி மேலே துருத்தும். பிறகு மூன்று குறுக்குப் போட்டு, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும்படி, கட்டத் தொடங்கினார்.

அந்தப் பின்னேரம் மழை. டாம் வீதி முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள் கடை வாசல்களில் ஒதுங்கி நின்றார்கள். நான் ஒரு பெட்டியில் இருந்து ப்ளேன்ரீ குடித்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு நிப்பிளையும் கால் சுற்றுக்கு மேல் திருப்பிவிட்டுக் கொஞ்சம் பின்னால் விடுவார். ஏனென்றால் இறுகும்போது கம்பியும் சேர்ந்து முறுகும், அந்த முறுக்கை அப்படியே விட்டால் ஓடும்போது அவிழ்ந்து தொய்யும். ஒரு சுற்று முடிந்ததும் சமாந்தரமாகப் போகிற இரண்டு இரண்டு கம்பியாகக் கைக்குள் பிடித்து, நரம்பு புடைக்க நசித்தார். டிங், டிங் என்று சத்தம் வந்தது. எனக்கு ஒஹிய ஞாபகம் வந்து நெஞ்சு திக்கென்றது. “பயப்படாதீங்க, இப்ப வரோணும் சத்தம். மலையில வரக் கூடாது.” நசித்ததும் கம்பிகள் தங்கள் இடத்தில் உட்கார, சில்லு கொஞ்சம் நெளியும். திரும்ப நெளிவு எடுப்பார். திரும்ப நசிப்பார். நாலு சுற்று. பெட்டியில் வந்த என் சில்லுக்கு இந்த நாலு சுற்றும் நடக்கவில்லை.

இழுவையை அளக்க நான் ஒரு கருவி வாங்கி வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. கம்பியை விரலால் சுண்டிக் காதால் கேட்டார். முடிந்ததும் நான் கருவியை வைத்துப் பார்த்தேன்: பற்சக்கரப் பக்கம் எல்லாம் 115க்கும் 120 கிலோவுக்கும் இடையில். இடப்பக்கம் அதில் அறுபத்தைந்து சதவீதம் அளவில், ஒன்றுக்கொன்று சமமாக. அந்த ரிம்முக்கு 120தான் உச்சம். அதற்கு மேல் ஏற்றினால் துளையடியில் வெடிப்பு வரும். ஆகவே ‘பாரமான ஆள், இன்னும் இறுக்குவோம்’ என்பதும் சரியில்லை. உச்சத்துக்குக் கிட்ட, எல்லாம் ஒரே அளவாக.

கூலி கொடுத்தபோது அவர் கேட்டது, நான் ரிம்முக்குக் கொடுத்ததில் பத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடக் கொடுத்ததை வாங்கவில்லை, தேத்தண்ணிக் காசை மட்டும் என்னையே கட்டச் சொன்னார்.

நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். போனேன். ஆறேழு கம்பியில் அரைச் சுற்று ஏற்றினார். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் நான் ஒரு தரம்தான் நிப்பிள் திருகியைக் கையில் பிடித்திருக்கிறேன்.

சில்லு சரியானதும் அடுத்தது ரயர். உண்மையில் இதை முதலில் செய்திருக்க வேண்டும். காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் ரிம்மை மாற்றாமல் ரயரை மாற்றுங்கள் என்றுதான் இப்போது கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ரிம் நசிவது கல் ரயரைத் தாண்டி ரிம்மை அடிக்கும்போது. என்னிடம் இருந்த ரயர் மெல்லிய ஓரம் உள்ள, சாதாரணப் பாதைக்கான வகை. ரியூப் ஒவ்வொரு தரமும் இரண்டு ஓட்டையோடு வெளியே வரும், பாம்பு கொத்தினமாதிரி. அதற்குப் பயந்து காற்றை 40 பீ.எஸ்.ஐ.க்கு ஏற்றினால், கல்லில் சைக்கிள் பந்துபோலத் துள்ளும், பிடி இருக்காது. இரட்டை மடிப்பு ஓரம் உள்ள டவுன்ஹில் ரயர் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல், 1,200, 1,300 கிராம் வரும். அதைப் பின்னுக்குப் போட்டு, ரியூப் இல்லாமல் ஓடுகிற ரியூப்லெஸ் ஆக்கினேன். இப்போது பின்னுக்கு 30, முன்னுக்கு 26. இந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள். 30இல் தொடங்கி, ரிம்மில் கல் இடிக்கிற ‘டக்’ சத்தம் கேட்டால் இரண்டு ஏற்றுங்கள், வழுக்கினால் ஒன்று குறையுங்கள். பெற்றோல் செட்டில் காற்றடிக்கிற மீற்றரை நம்பவேண்டாம். கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் மீற்றர் ஒன்று, இந்தச் செலவுகளிலேயே மலிவானது அதுதான். ஓட்டை அடைக்க உள்ளே விடுகிற ரியூப்லெஸ் பால் கொழும்பு வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்கிறேன்.

ஒன்று சொல்லவேண்டும்: இந்த ரயரோடு காலி வீதியில் ஓடுவது சேற்று வயலில் மாடு நடப்பதுபோல. வேலைக்குப் போக வேறு சில்லுச் சோடி வைத்திருக்கிறேன்.

ஓட்டத்திலும் ஒரு பிழை என்னிடம் இருந்தது. களைத்தால் சீற்றில் இருந்துவிடுவேன். இருந்தபடி கல்லில் இறங்கினால் 108 கிலோவும் மூட்டையாகப் பின்சில்லில் விழும். எழும்பி நின்று முழங்காலையும் முழங்கையையும் மடித்துவிட்டால் அதே 108 கிலோவை உடம்பு தாங்கிக்கொள்ளும். பெரிய கல் வருகிற இடத்தில் பிரேக்கை விட்டுவிடவும் பழகினேன், பூட்டிய சில்லு கல்லில் ஏறாது, இடிக்கும்.

போன டிசம்பரில் திரும்பவும் ஒஹிய போனோம். அதே கூட்டாளி, அதே வான், “புத்தகம் கொண்டுவந்திருக்கிறன்” என்று காட்டிவிட்டுக் களுபஹனச் சந்திக்குப் போனான். இரவு மழை பெய்த கல், அட்டை வேறு. ஒன்றேகால் மணித்தியாலத்தில் கீழே வந்தோம். ரிம்மில் ஒரு இடத்தில் சின்ன நசிவு, கம்பி ஒன்றும் அறவில்லை. அவன் பதினாலாம் பக்கத்தில் இருந்தான்.

முன்சில்லு இன்னும் பழையதுதான், 28 கம்பி. நானாவிடம் காட்டினேன். சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டுவிட்டு, “இது நல்லா பாடுது, இதுல கை வைக்காதீங்க,” என்றார். வைக்கவில்லை.